சக்கரத்துக்குள்ளே மோட்டார்

வாட்ச்மேன் கேட்டைத் திறக்க அவசரப்படவில்லை. சோதனை ஓட்டம் முடிந்து திரும்பிய வேன் வெளியே காத்துக்கொண்டிருந்தது. உள்ளே இஞ்சினியர் கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

கேட்டைத் தாண்டியதும் ஒரு வேகத்தடை உண்டு. லாரிக்காரர்களை அடக்குவதற்காக யாரோ குட்டிமலை மாதிரி போட்டு வைத்தது.

வேன் அதன்மேல் ஏறி இறங்கியது. தடக்.

இஞ்சினியர் கண்ணை மூடிக்கொண்டான். அங்கே நின்ற மற்ற யாரும் மூடவில்லை. அந்தத் தடக் எங்கே போய் இடிக்கும் என்று அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

மோட்டாரைச் சக்கரத்துக்குள்ளேயே வைத்தது அவனுடைய யோசனை. அச்சு வேண்டாம், கியர்பெட்டி வேண்டாம். அடியில் எதுவும் இல்லாததால் வேனின் தரையைத் தெருவை ஒட்டி இறக்கிவிடலாம். சக்கர நாற்காலியில் இருப்பவர் யார் தயவும் இல்லாமல் தானே உருட்டிக்கொண்டு ஏறலாம்.

நல்ல யோசனைதான். அதைப் பற்றி அவன் யாரிடமும் ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னதில்லை.

குறைத்துத்தான் சொன்னான். மோட்டார் புகுந்ததும் சக்கரம் கனத்துப்போகிறது. கனத்த சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழுந்தால் ஸ்பிரிங்கால் முழுதாகச் சமாளிக்க முடியாது. மிச்சத்தை உட்கார்ந்திருப்பவரின் முதுகெலும்பு வாங்கிக்கொள்ளும்.

முதல் சோதனையில் ஏறிய பெரியவர் இறங்கியதும் திட்டக்கூட இல்லை. சக்கர நாற்காலியில் இருந்தபடியே, "நான் நடந்தே போய்க்கறேன் தம்பி" என்றார்.

சரிசெய்ய முடியாதது இல்லை. இன்னும் லேசான மோட்டார், வேறு ஸ்பிரிங், இன்னும் ஒரு வருஷம். முதலாளி ஒரு வாரம்கூடத் தர மாட்டார். வேனை வாங்குவதாக இருக்கும் மருத்துவமனை இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டால், பழையபடி அச்சு, உயரமான தரை, சாய்வுப் பலகை, பிடித்துத் தள்ள ஆட்கள். அவனுடைய குழுவையும் கலைத்துவிடுவார்கள்.

அதனால்தான் அக்காவைக் கூப்பிட்டான்.

அக்கா எதற்கு என்று கேட்கவில்லை. தம்பி கூப்பிட்டால் காரணம் கேட்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. "அக்கான்னு சொல்லிக்க வேண்டாம், தெரிஞ்சவங்கன்னு இருக்கட்டும்" என்று அவன் போனில் இழுத்தபோதும் சிரித்தாள். காலையில் எல்லோர் முன்னாலும் "வணக்கம் சார்" என்று சொல்லிவிட்டு அவனைப் பார்த்துக் கண்ணடித்தாள். அவனுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

அதைவிட மோசம், அவளுக்கு வண்டி பிடித்துப்போய்விட்டது. விபத்துக்குப் பிறகு அவளை எந்த வண்டியில் ஏற்றினாலும் இரண்டு பேர் மூட்டை மாதிரி தூக்கித்தான் ஏற்றுவார்கள். ஆடை விலகாமல் பிடித்துக்கொள்வதா, விழாமல் அவர்களைப் பிடித்துக்கொள்வதா என்று தெரியாமல் அசட்டுச் சிரிப்பு சிரிப்பாள். இன்று தானே உருட்டிக்கொண்டு ஏறினாள். ஏறியவள் திரும்பி இறங்கினாள். மறுபடி ஏறினாள்.

"போதும்மா, கிளம்பறதுக்குள்ள பேட்டரி தீர்ந்துடும்" என்று டிரைவர் கேலி செய்த பிறகுதான் நிறுத்தினாள்.

நாற்காலியைத் தரையோடு சேர்த்து இஞ்சினியரே பெல்ட் போட்டான். பார்த்து மெதுவாக ஓட்டுங்கள் என்று டிரைவரிடம் சொல்ல வாயெடுத்தான். மருத்துவமனை நிர்வாகி பக்கத்தில் நின்றதால் விழுங்கிக்கொண்டான்.

அந்த அம்மா லேசில் ஏமாறுகிறவர் இல்லை. ரயில் தண்டவாளம் குறுக்கிடுகிற, குண்டும் குழியுமான பாதையை அவரேதான் தேர்ந்தெடுத்தார். ஆபரேஷன் முடிந்து தையல்கூடப் பிரிக்காதவர்களை இந்த வேனில்தான் வீட்டுக்கு அனுப்பப்போகிறார். தானே ஏறிப் பார்க்கவும் மறுத்துவிட்டார். நாற்காலியில் உட்கார்கிறவர் சொல்லட்டும் என்றார்.

வேன் வந்து நின்றது. பக்கக் கதவு விலகியது. நிர்வாகி குனிந்து உள்ளே பார்த்தார்.

"எப்படிம்மா இருந்துச்சு? மறைக்காம சொல்லுங்க."

"கழுத்து மட்டும் லேசா ஆடுச்சுங்க. மத்தபடி நல்லாத்தான் இருந்துச்சு, ஒரு கஷ்டமும் இல்லை."

அக்கா முகமெல்லாம் சிரிப்பாக நிர்வாகியையே பார்த்துச் சொன்னாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது. நிர்வாகியின் நெற்றிச் சுருக்கம் போய்விட்டது. பின்னால் முதலாளி பெருமூச்சு விட்டது இஞ்சினியருக்குக் கேட்டது.

அப்போதுதான் அவன் டிரைவர் இருக்கைப் பக்கம் பார்த்தான். மூடி திறந்த பிளாஸ்க் இருந்தது. கேட்டுக்கு வெளியே காத்திருந்த நேரத்தில் அந்த நல்ல மனுஷன் அக்காவுக்கும் டீ ஊற்றிக் கொடுத்திருக்கிறார். வேனின் கைப்பிடியை விட மனமில்லாமல் அக்கா கோப்பையைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கி வைத்திருக்கிறாள்.

கோப்பை கவிழ்ந்து கிடந்தது. மடி முழுக்க நனைந்திருந்தது. துணியிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. அக்கா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இடுப்புக்குக் கீழே அவளுக்கு எந்த உணர்ச்சியும் கிடையாது. கிள்ளினாலும் தெரியாது, ஊசியால் குத்தினாலும் தெரியாது. ஊரில் சக்கர நாற்காலியில் இருக்கிற அத்தனை பேரையும் விட்டுவிட்டு அவளை அவன் கூப்பிட்டது அதற்காகத்தான்.

இஞ்சினியர் ஒரே எட்டில் முன்னால் வந்தான். நிர்வாகியின் கண்ணுக்கும் அக்காவின் மடிக்கும் நடுவே வாகாக மறைத்துக்கொண்டு நின்றான்.

நின்ற பிறகுதான், அக்காவின் தொடை வெந்துகொண்டிருக்கும் என்பது அவனுக்கு உறைத்தது.