மட்கார்டில் ஓர் இடம்

வேலை பார்த்த ஆலை மூடிவிட, ஜெபகுமார் மகாராஷ்டிரத்துத் தளேகாவில் ஒரு பழைய டிராக்டர் வாங்கினான். இனி வாடகைக்கு உழுதுதான் பிழைப்பு. இன்ஜினை அவன் பிரித்துப் பூட்டினான். பெயிண்ட் அடித்தது மனைவி செல்வமேரி. இடது மட்கார்டில் மட்டும், யாரோ உட்கார்ந்து எழுந்தது போல, காலைதோறும் பெயிண்ட் அழிந்திருந்தது. அவள் சலிக்காமல் மறுபடி அடித்தாள்.

“வித்தவரோட சம்சாரம் அங்கதான் உக்காருமாம். இப்ப உயிரோட இல்ல. திருப்பிக் குடுத்திடலாம், மேரி.”

“அப்புறம் சோத்துக்கு? பேசாம ஏறுங்க.”

முதல் உழவுக்குக் கிளம்பும்போது செல்வமேரி அந்த மட்கார்டைத் தட்டி, தெரிந்த மராத்தியில் சொன்னாள்: “அக்கா, என் புருஷன் வண்டி இது. நீங்க அந்தப் பக்கம் உக்காருங்க.”

செல்வமேரி இடது மட்கார்டில் ஏறி உட்கார்ந்ததும் வலது மட்கார்டு கிறீச்சிட்டுத் தாழ்ந்தது.

ஜெபகுமார் திரும்பிப் பார்க்காமல் கியரைப் போட்டான். “ரெண்டு பேரும் கெட்டியாப் பிடிச்சுக்கோங்க.”