திட்டினால் ஏறும் கணக்கு

“முந்நூத்தி எண்பத்தஞ்சு கூடை. நேத்து முந்நூத்திப் பன்னெண்டுதான். பாத்துக்கினீங்களா மொதலாளி?”

மேஸ்திரி சிவஞானம் நோட்டை உப்பள முதலாளி சகாதேவனின் மூக்குக்கு நேரே நீட்டினான். நேற்று கூடைக் கணக்கில் கடைசியாக வந்த மூணாம் செட்டுப் பெண்கள் ஆறு பேரையும் வரப்பில் நிற்கவைத்து, காது கூசும்படி திட்டியிருந்தான். இன்று எழுபத்துமூன்று கூடை கூடுதல்.

ஒரு மாதமாகவே இப்படித்தான். அவன் திட்டிய செட்டு மறுநாள் ஏறியது, பாராட்டிய செட்டு இறங்கியது. தினமும் கடைசி செட்டுக்கு எல்லார் முன்னாலும் வசவு விழவேண்டும், அதைச் சட்டமாக்குங்கள் என்று முதலாளியை நச்சரித்துக்கொண்டிருந்தான்.

எதிர்த்துப் பேசியவள் ஒண்ணாம் செட்டு மலர்கொடி ஒருத்திதான்.

“செட்டுக்குத் தெனம் வேற வேற பாத்தி விழுது. உப்பு கொட்ற எடத்துக்குக் கிட்ட பாத்தி விழுந்தா கூடை ஏறும், எட்ட விழுந்தா எறங்கும். அடியில கெடக்கிற செட்டு மறுநாளு ஏறாம எங்க போவும்? நீ வாயில வெத்தலய போட்டுக்கினு கம்முனு இருந்தாலும் ஏறும்” என்று நேற்று முதலாளி எதிரிலேயே சொன்னாள்.

முதலாளி பேச்சை வளர்க்கவில்லை. நாளைக்கு மூணாம் செட்டு ஏறினால் மேஸ்திரி சொல்வதுதான் சட்டம், பிடிக்காதவள் வேலையை விட்டுப் போகலாம் என்றார். மலர்கொடி தயங்காமல் தலையாட்டினாள்.

இன்று விடிந்ததும் சிவஞானம் மூணாம் செட்டின் பாத்திக்குப் போய், “நேத்து வாங்குனது ஒறைச்சுதா?” என்று கேட்டான். வெயிலுக்கும் உப்புக் காற்றுக்கும் கண் மட்டும் தெரியும்படி முகத்தில் துணி சுற்றியிருந்த ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பயம் என்று எடுத்துக்கொண்டான். மனசுக்குக் குளுமையாக இருந்தது.

இப்போது முதலாளி நோட்டை மூடினார். “ஏம்மா, ஏறிடுச்சே. இப்ப என்னா சொல்ற?”

“ஏறும்னுதான நானும் சொன்னேன்.”

சிவஞானத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “தோத்தவ பேசுறத பாருங்க. என் வாய்க்குப் பயந்துதான் ஓடி ஓடித் தூக்குனாளுங்க.”

மலர்கொடி முதலாளியைப் பார்க்கவில்லை. கூலிக்காக ஓரமாக நின்றிருந்த அந்த ஆறு பேர் பக்கம் கையை நீட்டி, மேஸ்திரியின் முகத்துக்கு நேராகவே சொன்னாள்.

“இவங்க பக்கத்து உப்பளத்து ஆளுங்க மேஸ்திரி, நேத்து நீ திட்டுன ஒருத்திகூட இன்னிக்கு வேலைக்கு வரல.”