வாசிப்பறைக் கதவு

போகியன்று கமலவேணி இரண்டு இடங்களில் இருந்தாக வேண்டும். எப்படி என்று மலாக்காவிலிருந்து கோலாலம்பூர் வரை யோசித்தும் பிடிபடவில்லை.

பல்கலைக்கழகத்தைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிய பள்ளிப் பேருந்து, அவள் வீடிருக்கும் காஜா பேராங் தெருவைத் தாண்டும்போதே சாரதாம்பாள் டீச்சர் சொல்லிவிட்டார். அங்கே சேர்ந்தால் ஆண்டுதோறும் பரீட்சை, போகி வரும் வாரத்தில்தானாம்.

போகியன்று வீட்டில் பார்ச்சு. இறந்துபோனவர்கள் சாப்பிட வரும் நாள். படையலைச் சமைப்பது கமலவேணிதான். வீட்டில் வேறு பெண் இல்லை.

"நீ போயிட்டா அவங்க பசியோட திரும்பணுமே" என்று அப்பா சொல்லியிருந்தார். அதற்கு ஒரு வழி சொன்னால் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கச் சம்மதிப்பார். சொல்லாவிட்டால் படிப்பு இத்தோடு சரி.

மற்ற மாணவிகள் டீச்சரோடு ஆய்வுக்கூடம் பார்க்கப் போய்விட்டார்கள். அவள் நூலக வாசிப்பறைக் கதவின் முன் நின்றுவிட்டாள்.

கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம்.

அதற்கு அப்பால் நீண்ட மேசைகள், குனிந்த தலைகள். சிலருக்கு உதடு மட்டும் அசைந்தது. வெளியே நின்ற மரங்களின் இலைகளில் நனைந்து வந்ததுபோல் பச்சை வெளிச்சம் மேசைமேல் ஆடியது. விசிறிக் காற்றில் பக்கங்கள் தாமாகப் புரண்டன. ஒரு சத்தமும் இல்லை.

இந்த அறையை அவளுக்குத் தெரியும். ஆண்டுதோறும் சாத்திய கதவுக்கு வெளியே நின்று, மனதுக்குள் பார்த்துக்கொண்ட அறை.

பார்ச்சு நடப்பது இப்படித்தான். வாழையிலைகளில் அவரவருக்குப் பிடித்ததைப் பரிமாற வேண்டும். சாம்பிராணி காட்ட வேண்டும். பிறகு எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும், வந்தவர்கள் கூச்சப்படாமல் சாப்பிடட்டும் என்று. திரும்ப உள்ளே போகுமுன் மூன்று முறை தட்ட வேண்டும். தட்டாமல் நுழைந்தால் எடுத்த கவளத்தை வைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள்.

கை தானாக உயர்ந்தது. மூன்று முறை தட்டினாள்.

அத்தனை தலைகளும் நிமிர்ந்தன. அந்த முகங்களுக்குள் ஒரு கணம் அம்மாவைத் தேடினாள்.

கதவைத் திறந்துகொண்டு நூலகத்தில் வேலை செய்யும் பெண் வந்தாள். மார்பில் விஜயா என்று பெயர் அட்டை.

"படிக்கிற இடத்துல வந்து யாராச்சும் கதவைத் தட்டுவாங்களா?"

"மாஃப், காக்கா" என்றாள் கமலவேணி. மன்னிச்சிடுங்க அக்கா என்பதற்கு அவளிடம் இருந்தது மலாய்தான்.

"என்னைப் பார்த்தா காக்கா மாதிரியா இருக்கு?" விஜயா சிரித்தாள். "பேரென்ன?"

"கமலவேணி."

"பேர் மட்டும் முழ நீளம், தமிழ் வராது. மலாக்காச் செட்டிதானே நீ?"

தலையாட்டினாள். பெயரும் சாமியும் தமிழ், வீட்டுப் பேச்சு மலாய் என்று தலைமுறைகளாக வாழ்பவர்கள் அவர்கள். பிறகு இருவரும் மலாயில் பேசினார்கள். ஏன் தட்டினாள் என்று கமலவேணி சொன்னபோது விஜயா சிரிக்கவில்லை. போகியையும் பரீட்சையையும் அப்பா வழி கேட்டதையும் பற்றிக் கேட்டுக்கொண்டாள்.

"உனக்கு முந்தி யார் சமைச்சா?"

"அம்மா. எனக்கு எட்டு வயசிருக்கும்போது போயிட்டாங்க. இப்ப அவங்களும் சாப்பிட வர்றவங்கதான்."

"எட்டு வயசுல உனக்கு என்ன சமைக்கத் தெரியும்? யார் கத்துக்குடுத்தா?"

அம்மா போன பிறகு வந்த முதல் போகி கமலவேணியின் கண்முன் வந்தது.

அடுப்பில் லவுக் பிண்டாங், அம்மாவுக்குப் பிடித்த மீன் குழம்பு. எட்டாத உயரத்துக்கு ஒரு முக்காலி. தேங்காய்ப்பால் திரியாமல் இருக்க, கொதி வருமுன் ஒரே பக்கமாகக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். அகப்பையைப் பிடித்த அவள் கைமேல், கிளறும் பக்கத்தைக் காட்டிக்கொண்டு, இன்னொரு கை.

முடி அடர்ந்த, பெரிய கை.

அந்தக் கைக்கு அது மறந்திருக்காது.

போகியன்று அப்பாவே சமைக்கலாம்.