மட்டிகள் வாய் பிளந்த நாள்

கத்தியால் கிளறிய இடமெல்லாம் மட்டிகள் வாய் பிளந்து கிடந்தன.

மஹ்பூபா ஒன்றை எடுத்து முகர்ந்தாள். பிணவாடை.

காபெஸ் வளைகுடாவின் அந்த ஓரத்தில் முப்பது பெண்கள் சேற்றில் குனிந்திருந்தார்கள். ஒருத்தியின் வாளியிலும் உயிருள்ளது பத்து தேறவில்லை. அவர்கள் வீட்டில் அடுப்பெரிவதே இந்த மட்டியை விற்றுத்தான்.

ஓடை கடலில் சேரும் இடத்தில் தண்ணீர் கறுத்து மினுங்கியது.

"மேல எவனோ ஆலிவ் ஆலைக் கழிவைக் கொட்டுறான். ஆளைப் பாத்துட்டு வரேன். அப்புறம் எல்லாருமாப் போய் அவன் சட்டையப் பிடிப்போம்" என்று ஓடையைப் பிடித்து நடந்தாள்.

ஒரு மணி நேரம். காலில் ஒட்டிய சேறு காய்ந்து உதிர்ந்தது. கரையோர நாணல் கருகி நின்றது. தவளைகள் மல்லாந்து கிடந்தன.

ஒரு வளைவில் டேங்கர் லாரி. தொடைப் பருமன் குழாயிலிருந்து கறுப்பு நீர் ஓடையில் கொட்டிக்கொண்டிருந்தது. டிரைவர் முதுகு காட்டி நின்றான்.

ஓடிப்போய்க் குழாயின் வாயை இரண்டு கையாலும் பொத்தினாள். கழிவு அவள் முகத்தில் பீறிட்டது.

பதறிப்போய் வால்வை மூடிவிட்டு அவன் திரும்பினான்.

நாஜி. அவள் பெற்ற பிள்ளை.

"கைய எடும்மா. இன்னும் ரெண்டு நடை இருக்கு."

"கீழ எல்லாம் செத்துக் கிடக்குடா!"

"படகு வேணாம், கடல்ல நீ செத்துருவடான்னு அழுது, ஆலைக்காரர் காலப் பிடிச்சு இந்த வேலைய வாங்கிக் குடுத்தது யாரு? நீ ஒரு வார்த்தை சொல்லு, இன்னிக்கே விட்டுர்றேன். இத்தாலிக்குப் படகு இன்னும் போய்க்கிட்டுத்தான் இருக்கு."

அந்த ஒரு வார்த்தை அவள் தொண்டை வரை வந்தது.

கையை எடுத்தாள்.

வால்வு கிறீச்சிட்டபோது அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்துகொண்டிருந்தாள்.

கரையில் கடல் ஏறத் தொடங்கியிருந்தது. பெண்கள் கலையாமல் காத்திருந்தார்கள். ஹ்னியாதான் முதலில் ஓடிவந்தாள்.

"யாருடி? பாத்தியா?"

"லாரி சத்தம் கேட்டுச்சு. நான் போறதுக்குள்ள போயிட்டான்."

ஹ்னியா தன் முக்காட்டு நுனியால் மஹ்பூபாவின் கன்னத்துக் கறுப்பை மெதுவாகத் துடைத்தாள்.

போன வசந்தத்தில் நாஜி ஏறாமல் விட்ட படகில்தான் ஹ்னியாவின் ஒரே மகன் ஏறினான். அது எந்தக் கரையும் சேரவில்லை.