பாதியில் எழுந்து போகக் கூடாது

“ஒருத்தர்கூடத் தப்பிச்சுப் போகக் கூடாது. அதுக்கு வழி சொல்லத்தான் உங்களைக் கூப்பிட்டேன்” என்றார் முதலாளி. சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்தினார்.

ஆலோசகன் சிரித்தான். இணையத்தில் வீடியோ போடுகிறவர்கள் எல்லாரும் அவனிடம் கேட்பது இதைத்தான். பாதியில் விட்டு ஓடுகிறவர்களைக் கடைசிவரை உட்காரவைப்பதே அவன் தொழில்.

முதலாளிக்குக் கதவு செய்யும் தொழிற்சாலை. எந்த வீட்டுக்கு எந்தக் கதவு பொருந்தும் என்று தானே பேசி ஒரு வீடியோ போட்டிருந்தார். பார்த்தவர்கள் எங்கெங்கே கழன்றுகொண்டார்கள் என்று காட்டும் கோடு, எதிரே இருந்த பெரிய திரையில் சறுக்குமரம் போல் இறங்கிக் கிடந்தது.

“கதவைப் பத்திப் பேசினா, கதவைத் திறந்துக்கிட்டுப் போயிடறாங்க ஐயா.”

முதலாளி சிரிக்கவில்லை. “மூணு தலைமுறையா செய்யறோம் தம்பி. எங்க கதவு எங்க பேச்சைக் கேட்கும்.”

ஆலோசகனுக்கு நேரமில்லை. அடுத்த தெருவில் உள்ள பதிவு அலுவலகத்தில், பெண் வீட்டுக்குத் தெரியாமல் இன்று அவனுக்குக் கல்யாணம். ஐந்து மணிக்கு அங்கே பூட்டிவிடுவார்கள். மதியம் ஒரு மணி நேர வேலைதானே, முடித்துவிட்டு நாலு மணிக்கே போய்விடலாம் என்று வந்திருந்தான்.

கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் மட்டும் நேரம் தவறக் கூடாது. ஒருமுறை பஸ் நிறுத்தத்துக்குக் கொஞ்சம் பிந்தி வந்தபோது அவள் போய்விட்டிருந்தாள். ஒரு மாதம் பேச்சே இல்லை. “காத்துக் கிடக்கறது எங்க குடும்பத்துக்கு வழக்கமில்லை. இன்னொரு தடவை இப்படி நிக்க வச்சா என்னை மறந்துடு” என்றாள் பிறகு. கோபத்தைவிட அதில் பெருமைதான் அதிகம்.

போனைத் தொட்டுப் பார்க்கலாம் என்று கை சட்டைப் பைக்குப் போனது. பை காலி. இருவர் போனும் வெளியறை மேஜை டிராயரில் இருந்தன.

“வேலை பேசும்போது போன் கூடாதுன்னு உங்க வீடியோவுல நீங்கதானே சொன்னீங்க?” என்றார் முதலாளி.

“என் வீடியோ எல்லாம் பார்ப்பீங்களா ஐயா?”

“ஒண்ணு விடாம. கடைசிவரைக்கும்.”

அவனுக்கு உச்சி குளிர்ந்தது. கடைசிவரை பார்த்த ஒரு மனிதரை அவன் நேரில் சந்திப்பது இதுதான் முதல் தடவை.

“உங்க எதிர்காலம் சம்பந்தமா ஒரு விஷயம் இருக்கு. கிளம்பும்போது சொல்றேன்” என்றும் சொன்னார் அவர். நிரந்தர வேலையாகத்தான் இருக்கும் என்று அவன் மனம் கணக்குப் போட்டது. குடும்பஸ்தன் ஆகப்போகிற நாளில் வேறென்ன வேண்டும்?

“வீடியோவுல உங்க முதுகுக்குப் பின்னாடி கடிகாரம் தெரியுது. அதை எடுத்துடுங்க ஐயா. நேரம் ஞாபகம் வந்தா எழுந்துடுவாங்க.”

“எடுத்தாச்சு.”

திரும்பிப் பார்த்தான். சுவரில் ஓர் ஆணியும் வெளுத்த வட்டமும்தான் இருந்தன. சொல்வதற்கு முன்பே செய்துவிடும் ஆள் என்று மெச்சிக்கொண்டான்.

“ஒரு கேள்விக்குப் பதில் முடியறதுக்குள்ள அடுத்த கேள்வியைத் திறந்துடணும். அவ்வளவுதான் சூட்சுமம். அப்போ நான் வரட்டுமா ஐயா?”

“சரி தம்பி. ஆனா இந்த இடத்துல மட்டும் கோடு மேல ஏறுதே, அது ஏன்?”

பாதி எழுந்தவன் உட்கார்ந்தான். “அந்த இடத்தை ரெண்டாம் தடவை பார்த்திருக்காங்க. உள்ளே மாட்டிக்கிட்டா கதவை எப்படித் திறக்கறதுன்னு அங்கேதான் சொல்றீங்க.”

“அதை முன்னாடி வைக்கலாமா, பின்னாடி வைக்கலாமா?”

அதற்குப் பதில் சொன்னான். டீ வந்தது, நாக்கு பொசுங்கும் சூட்டில். ஆறுவதற்குள் இன்னொரு கேள்வி வந்தது.

ஜன்னல் இல்லாத அறை. குழல் விளக்கு வெளிச்சத்தில் வெயில் ஏறியதா இறங்கியதா என்று தெரியவில்லை. குளிர்சாதனம் ஓடியும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நாற்காலிக்கு அடியில் அவன் கால்கள் கிளம்பத் தயாராகத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தன.

“ஐயா, ஒரு முக்கியமான வேலை...”

“அந்த விஷயத்தை நான் இன்னும் சொல்லலியே தம்பி.”

மறுபடியும் உட்கார்ந்தான். தன் வீடியோக்களைக் கடைசிவரை பார்த்தவர் முன்னால் பாதியில் எழுந்து போக அவனுக்கு மனம் வரவில்லை.

கடைசியில் முதலாளி சட்டைக் கையைச் சற்று ஏற்றி மணிக்கட்டைப் பார்த்தார். எழுந்து கதவைத் தானே திறந்துவிட்டார். “போதும். கிளம்புங்க.”

வெளியறை ஜன்னல் வழியே பார்த்தால், தொழிற்சாலை ஆட்கள் சாப்பாட்டு டப்பாக்களோடு வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். மணி ஐந்தைத் தாண்டி, வேலை நேரம் முடிந்திருந்தது. டிராயரை இழுத்துப் போனை எடுத்தான். திரை முழுக்க அவள் கூப்பிட்ட அழைப்புகள். கொஞ்ச நேரமாக ஒன்றும் இல்லை.

கூப்பிட்டான். அணைத்துவைக்கப்பட்டிருப்பதாக ஒரு பதிவுக் குரல் சொன்னது. மறுபடி கூப்பிட்டான். அதே குரல்தான் வந்தது.

ஓட வேண்டியவன் வாசலில் நின்றான். அந்த வேலையையாவது வாங்கிக்கொண்டு போவோம் என்று தோன்றியதோ என்னவோ. “கிளம்பும்போது ஏதோ சொல்றேன்னீங்களே ஐயா?”

முதலாளி நிமிர்ந்த முதுகு வளையாமல் டிராயரைத் தள்ளி மூடினார். குரலை உயர்த்தவில்லை.

“காத்துக் கிடக்கறது எங்க குடும்பத்துக்கு வழக்கமில்லை தம்பி.”