பன்னிரண்டாவது ஆள்

"ராஜபாய் அக்கா, காலைப் பிடிச்சுக் கேக்கேன். எறங்குங்க!"

ரெனிஷா கரையில் நின்று கெஞ்சினாள்.

போட் அவளுடையது. கப்பல் வடிவமைப்புக் கல்லூரியில் இறுதியாண்டு. அவள் வரைந்து, வகுப்பே சேர்ந்து கட்டியது. முன்னாள் மாணவர் தினத்தில் மணக்குடிக் காயலில் முதல் ஓட்டம். பழைய மாணவர்கள் ஏறிப் போவார்கள். வரைந்தவர் கரையில் நின்று பார்க்க வேண்டும். கல்லூரி வழக்கம் அது.

வந்தவர்களில் பொன்னுலிங்கத்துக்குச் சொந்தமாக போட் கட்டும் யார்டு இருக்கிறது.

"ஒழுங்காப் போயிட்டு வந்துட்டுன்னா நீதான் என் யார்டுல டிசைனர்" என்று காலையிலேயே சொல்லிவிட்டார்.

ஓட்டுகிற யோவான் போகப் பன்னிரண்டு பேருக்கு இடம். பழைய மாணவர்களும் சரியாகப் பன்னிரண்டு.

கணக்கைக் கெடுக்கவென்றே முதலில் ஏறி உட்கார்ந்துவிட்டாள் கேன்டீன் ராஜபாய். நல்ல கனத்த உடம்பு. போதாததற்குப் பக்கத்தில் இரண்டு பெரிய தண்ணீர் கேன்.

"காயலுக்குள்ள போறதுக்குத் தண்ணி கேனா!" கரையே சிரித்தது.

"விக்குனா உப்புத் தண்ணியையா குடிப்பிய?" என்றாள் ராஜபாய்.

இடம் பறிபோனது அனில்குமாருக்கு. அவர் குதித்தார்.

"நான் இதுக்குன்னே தோஹாவுல இருந்து லீவு போட்டு வந்திருக்கேன்!"

"நீரு தோஹாவுல இருந்து வந்தீரு, நான் கேன்டீன்ல இருந்து வந்தேன். மொதல்ல கேறுனது ஆரு?"

பொன்னுலிங்கம் பேரத்தில் இறங்கினார். பேரம் பேசியே யார்டு வாங்கிய ஆள்.

"அடுத்த ஓட்டத்துல உன்னை மட்டும் தனியாக் கூட்டிட்டுப் போகச் சொல்லுதேன்."

"வேண்டாம்."

"ரெண்டு ஓட்டம்."

"ரெண்டையும் தோஹாக்காரருக்குக் குடுங்க சாரே."

"சரி, வந்து தொலை. நடுவுல உக்காரு."

"ஓரந்தான். எனக்குக் காத்து வேணும்."

பொன்னுலிங்கத்தின் மூக்கு சிவந்தது. ரெனிஷாவிடம் திரும்பினார்.

"ஒரு கேன்டீன்காரியை எறக்க முடியல. நீ எப்படிம்மா என் யார்டுல ஐம்பது பேரை மேய்ப்ப?"

அனில்குமார் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி மணலில் எறிந்துவிட்டு இறங்கினார்.

போட் கிளம்பியது. ராஜபாய் இருந்த பக்கம் லேசாகச் சாய்ந்தபடியே போனது.

"எவ்வளவு வடிவான போட்! கோணலாக்கிட்டா பாரு" என்றார் அனில்குமார். ரெனிஷா நகத்தைக் கடித்தாள். கடிக்க நகம் தீர்ந்ததும் துப்பட்டா நுனியைக் கடித்தாள்.

நடுக்காயலில் ஒரு நாரைக் கூட்டம் எழுந்தது.

"ஏ மக்கா, செல்பி!"

பதினோரு பேரும் ஒரே பக்கம் ஓடினார்கள். பதினோரு பேரும் கப்பல் ஏன் கவிழ்கிறது என்று தனிப் பேப்பர் எழுதிப் பாஸானவர்கள். ஒருவர் அதில் தங்க மெடல். அவர்தான் முதலில் ஓடியது.

போட் சரிந்தது. தண்ணீர் விளிம்பைத் தொட்டது.

ரெனிஷா கண்ணைப் பொத்திக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள். யோவான் போட்ட கூச்சல் கரை வரைக்கும் கேட்டது.

கவிழலாமா வேண்டாமா என்று போட் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு மெல்ல நிமிர்ந்தது.

கரையில் விசில் பறந்தது. ரெனிஷா விரலிடுக்கில் பார்த்தாள். எதிர்ப்பக்க விளிம்பில் ராஜபாய் மட்டும் தனியாக, போட்டோவுக்கு முதுகைக் காட்டி, முடிந்த மட்டும் வெளியே சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"சேர்ந்து போட்டோவுக்கும் நிக்கல. என்ன வீம்பு பாத்தியா!" என்றார் அனில்குமார்.

போட் கரைக்கு வந்தது. பொன்னுலிங்கம் முழங்கால் தண்ணீரில் குதித்தார்.

"ரெனிஷா! பதினோரு தடியனுவ ஒரு பக்கம் நின்னோம். குனிஞ்சு ஒரு கும்பிடு போட்டுட்டு நிமிந்துட்டும்மா உன் போட்! திங்கக்கிழமை யார்டுக்கு வந்துரு!"

அவ்வளவுதான். கூடப் படிக்கிறவர்கள் ரெனிஷாவை அலாக்காகத் தூக்கிக் காயலில் போட்டார்கள். எழுந்தாள், இன்னொரு தடவை போட்டார்கள்.

பொன்னுலிங்கம் ராஜபாயை முறைத்தார்.

"ஒருத்தன் எடத்தைப் பறிச்சிட்டு வந்தியே, ஆசை தீந்துதா?"

"தீந்துது சாரே. நல்ல காத்து."

சொட்டச் சொட்ட நனைந்தபடி ரெனிஷா கேன்டீனுக்குப் போனாள். சண்டை போடத்தான் போனாள்.

"என் வேலையே போகப் பாத்துதுக்கா! காத்து வாங்கவா போனிய?"

ராஜபாய் பெஞ்சில் இருந்தாள். கையிலிருந்த சாயா கிளாஸைக் கீழே வைத்தாள்.

"போட்ல கேறுனது இதான் மொதத் தடவ பிள்ளே. எனக்கு நீச்சலும் தெரியாது."

"பின்ன எதுக்குக் கேறுனிய?"

"அஞ்சு வருசமா கரையில நின்னு பாக்கேன். நடுக்காயல் போனதும் போட்டோ பிடிக்க எல்லாவனும் நாரை இருக்க அந்த ஒரே பக்கம் ஓடுவானுவ. எந்த போட் தாங்கும்? மூணு கவுந்துது. கவுத்தவனுவ வேட்டியப் பிழிஞ்சிட்டுப் போயிருவானுவ. வரைஞ்ச பிள்ளதான் இந்த பெஞ்சுல வந்து இருந்து அழும்."

"அவங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்லா?"

"போன வருசம் சொன்னேன். அவ்வளவு படிச்சவங்களுக்குக் கேன்டீன்காரி சொல்லித் தரவான்னு சிரிச்சானுவ. இந்த வருசம் சொல்லல, தண்ணி கேனையும் கனத்துக்கு வச்சுட்டு எதிர்ப்பக்கம் கேறி இருந்துட்டேன்."

ரெனிஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

"ஏட்டி, எங்க?"

"பொன்னுலிங்கம் சார்ட்ட சொல்லப் போறேன்!"

"மூச்சு விடாத மக்கா. அந்த வேலைய எனக்குத் தந்துட்டாருன்னா, நாளைக்கு இங்க சாயா ஆரு போடுவா?"