மாப்பிள்ளையின் ஊர்

பிரிக்பீல்ட்ஸில் மோனோரயில் போகும்போதெல்லாம் எங்கள் வரவேற்பறை ஜன்னல் அதிர்கிறது. எதிரே அமர்ந்திருக்கும் தகுமி மட்டும் அசைவதில்லை. பேத்தி நிரஞ்சனி கட்டிக்கொள்ள விரும்பும் ஜப்பானியப் பையன். ஊர் விசாரிக்காமல் எங்கள் குடும்பத்தில் யாரும் பெண் கொடுத்ததில்லை. கேட்டதும் கைப்பேசியில் வரைபடத்தை விரித்து, உவேதா என்கிறான். சுற்றிலும் மலை, நடுவே ஆறு. "கடல்?" என்கிறேன். இல்லையாம். கடல் இல்லாத ஊரும் ஓர் ஊரா! பெரும்படையை இருமுறை விரட்டிய கோட்டை இருக்கிறதாம். பக்கத்தில் பட்டு நெய்த தெருவில்தான் பரம்பரை வீடாம். குறை சொல்ல ஒன்றும் அகப்படாதது எரிச்சலாக இருக்கிறது. "அப்பப்பா, போலீஸ் மாதிரி கேக்காதீங்க லா," என்கிறாள் நிரஞ்சனி. அவன் அவளிடம் ஏதோ மெல்லச் சொல்கிறான். அவளுக்குச் சிரிப்பு. "அவங்க அப்பாவும் நம்ம ஊர விசாரிக்கச் சொன்னாராம்." நிமிர்ந்து உட்கார்ந்து, "யாழ்ப்பாணம், வேலணை," என்கிறேன். பையன் அந்தத் தீவைத் திரையில் கொண்டுவந்து, இரண்டு கையாலும் பணிவாக நீட்டுகிறான். "நம்ம வீடு எங்கன்னு கேக்கிறாரு, அப்பப்பா." நான் பிறந்தது இங்கே, கடல் கடந்து வேலைக்கு வந்த அப்பாவின் ரயில்வே குவார்ட்டர்ஸில், வேலணையைக் கண்ணால் கண்டதில்லை. விரல் தீவின் மேல் அலைகிறது. "என் கண்ணாடியை எங்கே வைத்துத் தொலைத்தீர்கள்?" என்று அதட்டுகிறேன். அது என் மூக்கின் மேல்தான் இருக்கிறது.